அசையாமல் நின்றவர்கள்

படம் ஆடவில்லை. பீற்றிஸுக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

வெளியே பங்குனி வெயிலில் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது. உள்ளே, ஸ்டூடியோவின் பின்பக்கத்து இருட்டறையில், சிவப்புப் பல்பின் கீழே, மருந்துத் தட்டில் கிடந்த தாளில் கூத்தாடுகிற வட்டக் களரி ஒன்று மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் பெற்றோமக்ஸ் விளக்கு, பிறகு அது தொங்கிய கம்பம், பிறகு கம்பத்தில் சுற்றியிருந்த கயிற்றின் முறுக்கு. அந்தக் கயிற்றில் ஒவ்வொரு பிரியையும் எண்ணலாம். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் புளித்த நெடி மூக்கில் ஏற, அவள் இடுக்கியால் தாளைத் தூக்கிப் பல்புக்குக் கிட்டே பிடித்தாள். இடுக்கி நடுங்கியது, தாளும் நடுங்கியது. ஐந்து வருடமாக அவள் கை இப்படித்தான். ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அடுப்படியிலிருந்து முன்னறைக்குச் சிந்தாமல் கொண்டுவரத் தெரியாத கை. அந்தக் கையில் கமெராவைப் பிடித்து, ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து எடுத்த படம் இது. கம்பம் இரண்டாகத் தெரிய வேண்டும், விளக்கு புழுவாக நெளிந்திருக்க வேண்டும். கயிறாவது, பிரியாவது!

“நல்லாத்தானே வந்திருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருட்டறைக்குள் அவளோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? முன்னறையில்கூட ஒருவரும் இல்லை. ஆறு மணியானால் தெருவிலும் ஒரு சனம் இராது. கொடியில் காய்கிற படங்களோடு கதைக்கப் பழகிவிட்டாள். அடையாள அட்டைக்குப் படம் பிடித்துவிட்டு, எடுத்துப்போக வராமலே விட்டவர்களின் முகங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கிடந்தன. அவர்களோடும் கதைத்தாள்.

ஸ்டூடியோ அவள் புருசன் பேர்னாட்டுடையது. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், அடையாள அட்டைப் படம் எடுக்கவென்று நல்ல கமெராவைத் தோளில் கொழுவிக்கொண்டு, வாவிக்கு அக்கரையிலிருந்த மருதஞ்சேனைக்குத் தோணியேறிப் போனார். அன்றைக்கென்று பார்த்து ஆமிக்காரர் அந்த ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பத்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது பேர் ஊர்க்காரர்கள், பத்தாவது ஆள் படம் பிடிக்கப் போனவர். அதற்குப் பிறகு பீற்றிஸ் ஏறி இறங்காத வாசல் இல்லை. தெற்கில் ஏதோ முகாமில் இருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான், விட்டுவிடுவார்கள் என்று இன்னொருவன் சொன்னான். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று சொன்னவர்களிடம் அவள் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. பங்குச் சுவாமி இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று பக்குவமாகத்தான் கேட்டார்.

“உசிரோட இருக்கிற மனிசனுக்கு என்னத்துக்கு சுவாமி செத்தவங்கட பூசை?” என்று கேட்டுவிட்டுக் கோயில் முற்றத்தை விட்டு இறங்கி வந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறார். அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம். அதை விட்டால் அடுத்த நாள் காலையில் எழும்ப ஒரு காரணமும் இல்லை.

பேர்னாட்டுக்கு ஒரு படமும் இல்லை. ஊரையெல்லாம் படம் பிடிக்கிறவர் படத்தில் விழுந்ததே கிடையாது. இருந்த ஒரே கலியாண அல்பத்தையும் அவள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கறையான் தின்றிருந்தது. மற்ற வீடுகளிலோ காணாமல் போனவனுடைய தாய் ஏதாவது ஒரு குறூப் போட்டோவைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வருவாள். “இந்த முகத்த மட்டும் பெருப்பிச்சுத் தா மகள்” என்பாள். கூட்டத்தில் கடலை அளவு நிற்கிற முகத்தைப் பிரித்தெடுத்து, சட்டத்தில் போடும் அளவுக்குப் பெருப்பித்துக் கொடுப்பதுதான் யுத்த காலத்தில் ஸ்டூடியோக்களின் முக்கிய தொழில். மருதஞ்சேனை ஒன்பது பேரின் முகத்தையும் பீற்றிஸ்தான் பெருப்பித்தாள். ஒவ்வொருவருக்கும் எந்தப் புருவத்தில் வெட்டு, எந்தப் பல்லில் இடைவெளி என்று அவளுக்கு மனப்பாடம்.

அந்த ஒன்பது பேரும் கூத்தர்கள்.

இந்த வருடம் தையில் சண்டை நின்றது. பேச்சுவார்த்தை என்றார்கள். உடனேயே அக்கரை ஊர்களில் மத்தளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மருதஞ்சேனை அண்ணாவியார் சாமித்தம்பி அறுபது வயதுக்காரர், கூத்துப் பழக்குகிற வாத்தியார். புதிதாகப் பதினொரு பேரைப் பழக்கியிருந்தார். படம் வேண்டுமென்று ஸ்டூடியோவுக்கு அவரே வந்து சொன்னார்.

“பிளாஷ் மட்டும் வேணாம் தங்கச்சி. வாவிக்கரையில காம்ப் கிடக்கு. மின்னினா வெடியெண்டு நினைச்சிருவானுகள்.”

“பிளாஷுக்குப் பற்றரியும் கிடைக்காது அண்ணாவியார். நான் விளக்கு வெளிச்சத்திலயே எடுக்கிறன்” என்றாள். வாய் பெரிது, கண்ணாடி சிறிது. பேர்னாட் விட்டுப்போன பழைய கமெராவின் கண்ணாடி வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் உள்ளே விடும். கூத்தர்கள் சதங்கை கட்டும் முதல் விழாவுக்குப் போன வழியில், கமெரா ஸ்டாண்டையும் சென்றிப் பொயின்றில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் பறித்து வைத்துக்கொண்டார்கள். மூன்று கால் உள்ள எதைக் கண்டாலும் அவர்களுக்குச் சந்தேகம். ஆகவே கையில்தான் பிடித்தாள்.

“முழங்கையை விலாவோட ஒட்டு பீற்றிஸ். மூச்ச விடாத” என்று சொல்லித்தான் பேர்னாட் அவளுக்குப் பழக்கினார். பின்னால் வந்து நின்று, அவளுடைய இரண்டு முழங்கைகளையும் தன் உள்ளங்கைகளில் ஏந்தி உள்ளே அழுத்துவார். அவர் பிடித்தால் கருங்கல் மாதிரி நிற்கும். கலியாணம் முடித்த புதிதில் அது படம் பழக்கவா வேறு எதற்கா என்று அவளுக்கு ஐமிச்சம் இருந்தது. இருட்டறையில் நின்றுகொண்டு இப்போதும் அதை நினைத்துச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. களரியில் ஆடியவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஆடியபடியால் கலங்கிப்போயிருந்தார்கள். தலை எது, கை எது என்றில்லாமல் வெள்ளை வெள்ளையாகப் புகை. அது சரி. எட்டில் ஒரு செக்கனில் ஆடுகிறவன் அப்படித்தான் விழுவான். ஆனால் அந்தப் புகைகளுக்கு நடுவே ஒருவன் தெளிவாக நின்றான்.

களரிக்கு நடுவில், வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டியபடி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, கமெராவைப் பார்த்துக்கொண்டு. முகம் இருட்டில் இருந்தது. சாரம் ஈரமாகத் தொடையில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், ஸ்டூடியோவில் ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்கிற பழக்கத்தில், அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். “அசையாம நில்லுங்க, இஞ்ச பாருங்க!” சுற்றி நின்ற பெண்டுகள் கொல்லென்று சிரித்தார்கள். ஆடுகிற கூத்தன் அசையாமல் நின்றால் அது என்ன கூத்து என்று ஒருத்தி கேட்டாள். பீற்றிஸும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மத்தளம் நிற்கவில்லை, பதினொரு பேரும் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்படியானால் அவள் சொன்னதைக் கேட்டு நின்றது யார்?

இரண்டாம் நாள் அண்ணாவியார் படங்களை வாங்க வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சந்தோசப்பட்டவர், அந்தப் படத்தில் வந்து நின்றார். வெற்றிலை மெல்லுகிற வாய் ஓய்ந்தது.

“இது ஆரு தங்கச்சி?”

“நீங்கதானே சொல்லணும். பார்க்க வந்த ஆக்கள் ஆராவது உள்ளுக்குப் போயிருப்பாங்க.”

“களரிக்குள்ள கூத்தன் தவிர ஒருத்தனும் கால் வைக்கேலாது.” அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கலங்கிப்போன உருவங்கள் பதினொன்று. விரல் பன்னிரண்டாவதைத் தொடாமல் மேலே நின்றது. பிறகு படத்தைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். “இது எனக்கு வேணாம்.”

“கண்ணாடி பத்தாது அண்ணாவியார். அதுதான் முகம் விழயில்ல. பெரிய கண்ணாடி ஒண்டு வாங்கினா அரங்கேற்றத்துக்கு வடிவா எடுக்கலாம்.”

“மங்கலாக் கிடக்கட்டும் புள்ள” என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல். “எல்லாத்தையும் வடிவாப் பார்த்து என்ன செய்யப் போறாய்?”

அவர் போன பிறகு பீற்றிஸ் படத்தை நிமிர்த்தி வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்த முகம் யாருடையது? ஒன்பதில் ஒன்றா? இல்லை, அவள் நினைக்கவே மாட்டேன் என்று ஐந்து வருடமாக வைராக்கியம் பிடித்த அந்தப் பத்தாவதா? தெரியாமல் இருந்தபோது தாங்கிக்கொண்டாள். பாதி தெரிந்த பிறகு எப்படித் தூங்குவது?

ஓட்டமாவடியில் றமீஸா வீட்டில் பழைய கமெராச் சாமான் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். றமீஸாவின் கலியாணப் படங்களை பேர்னாட்தான் எடுத்தார். அவள் புருசன் பொலநறுவை பஸ்ஸில் வருகிறவர்களிடம் ரேடியோ, மணிக்கூடு என்று கைமாறி வருகிற சாமான்களை வாங்கி விற்பவர். பீற்றிஸ் விடிய பஸ்ஸெடுத்துப் போய்ச் சேர்ந்தபோது றமீஸா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பீற்றிஸக்கா! மெலிஞ்சு போயிட்டீங்க. பேர்னாட் நானாட தகவல் ஏதும் வந்ததா?”

“வரும் புள்ள. வராம எங்க போறது?”

றமீஸா தேத்தண்ணி ஊற்றினாள். பிறகு ஒரு பிஸ்கட் பேணியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்தாள். பாரமான கண்ணாடி. விளிம்பில் ‘ஒன்று தசம் நாலு’ என்ற இலக்கம். அவளிடம் இருந்த இரண்டு தசம் எட்டை விட நாலு மடங்கு வெளிச்சத்தை விழுங்கக்கூடியது. பிடி சரியாகப் பொருந்தும். எட்டில் ஒரு செக்கனுக்குப் பதில் முப்பதில் ஒரு செக்கன் போதும். ஆடுகிற கூத்தனின் கண்ணும் மூக்கும் விழும்.

“ஆரு கொண்டு வந்து குடுத்தது?”

“தெரியாதுகா. நாலைஞ்சு கை மாறி வந்திருக்கும். ஒரு வருசமாக் கிடக்கு.”

விளிம்பில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. எட்டு மணி முள்ளு நிற்கிற இடத்தில். எண்பத்தெட்டில் செட்டிபாளையத்தில் ஒரு கலியாண வீட்டுப் படியில் பேர்னாட் தன் நல்ல கண்ணாடியைத் தவறவிட்டபோது, அதே இடத்தில், அதே நீளத்தில் நெளிந்தது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

“எல்லாக் கண்ணாடியும் எங்கேயாவது விழுந்துதானே இருக்கும்” என்று பீற்றிஸ் சொன்னாள். றமீஸாவிடம் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ் முழுக்க அதையே மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரல் அந்த நெளிவைத் தடவத் தடவ, வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அரங்கேற்றம் பங்குனிக் கடைசி வெள்ளி. வட்டக் களரி, எட்டுக் கம்பம், எட்டு விளக்கு. சுற்றிலும் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. ஐந்து வருடமாக இருட்டினால் கதவைச் சாத்திக்கொண்ட சனம் இன்றைக்குக் கடலை கொறித்துக்கொண்டு, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, விடியும் வரைக்கும் இருக்க வந்திருந்தது. சீதேவிப்பிள்ளை என்ற தாய் முன்வரிசையில் இருந்தாள். ஒன்பது பேரில் அழகரத்தினம் அவளுடைய மகன். பீற்றிஸ் பெருப்பித்துக் கொடுத்த படத்தைச் சட்டத்தோடு மடியில் வைத்திருந்தாள். அவனும் கூத்துப் பார்க்கட்டும் என்றாள்.

பீற்றிஸ் களரி ஓரத்தில் எழும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, ஏனென்றால் பின்னால் நிலம் இல்லை. நாலு அடி தள்ளிக் கரை சரிந்து, கண்ணா மரப் புதருக்குள் வாவி தொடங்கிவிடும். புதுக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்தாள். அம்மாடி, என்ன வெளிச்சம்! கிரீடத்தில் பதித்த கண்ணாடித் துண்டுகள், தாளம் தட்டுகிறவரின் நெற்றி வியர்வை, தூசு, எல்லாம் பகல் போல நின்றன.

ராசா வேசம் வந்தது. மத்தளம் அதிர்ந்தது. சதங்கைகள் ஒரே வீச்சில் மண்ணை உதைத்தன. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று தோணியில் வரும்போதே நேர்ந்துகொண்டிருந்தாள். ஆனால் இருபது வருடப் பழக்கம் நாக்கில் இருக்கிறது, புத்தியில் இல்லை. விரல் பொத்தானில் பட்டதும் அது தானாக வந்துவிட்டது.

“அசையாம நில்லுங்க. இஞ்ச பாருங்க.”

இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. மத்தளச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. வற்றுக் காலத்தில் வாவிச் சேற்றைக் கிளறினால் வருகிற, கறுத்த, இனித்த வாடை. கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது. வாவிக் காற்று என்று நினைத்தாள். தொங்கிய விளக்கு ஒன்றும் அசையவில்லை. திரும்பிப் பார்க்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. படம் ஆடிவிடும் என்று இன்னொரு மனம் சொன்னது. அவள் திரும்பவில்லை.

முப்பத்தாறு படமும் எடுத்து முடித்தாள். கடைசிப் படத்துக்கு ராசா அவள் முன்னால் வந்து, கிரீடம் மூக்கில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, சுற்றிப் போனான்.

அடுத்த நாள் மத்தியானம் கறண்ட் இருந்தது. இருட்டறைக்குள் போய்க் கதவை உட்பக்கம் கொழுவினாள். பிலிம் றோலைக் கூடுதல் நேரம் மருந்தில் ஊறவிட்டுக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கத் தொடங்கினாள்.

புதுக் கண்ணாடி வஞ்சகம் செய்யவில்லை. கூத்தர்களின் முகங்கள் விழுந்திருந்தன. கொஞ்சம் கலங்கல், ஆனால் கண் தெரிந்தது, வாய் தெரிந்தது, துள்ளிய காலுக்குக் கீழே மண் தெரிந்தது. அண்ணாவியார் பார்த்தால் அழுவார். அவர்களுக்கு இடையிலே மற்றவர்கள் நின்றார்கள்.

அசையாமல். கலங்காமல். கைகளைத் தொங்கவிட்டு. ஈரச் சாரத்தோடு. எல்லோரும் இங்கே பார்த்தபடி.

“சேசுவே” என்றாள். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலாமவனைப் பார்த்தாள். இடது புருவத்தில் வெட்டு. அழகரத்தினம். அவளே பெருப்பித்த முகம், தாய் மடியில் சட்டத்துக்குள் இருந்த அதே முகம், தாயிலிருந்து ஒரு எட்டு தூரத்தில் நின்றது. தாய் அவனுக்கூடாகக் களரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐயோ சீதேவிப்பிள்ளையக்கா! பீற்றிஸுக்குக் கண் பொங்கியது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

இரண்டாமவன், பல்லில் இடைவெளி. மூன்றாமவன். நான்காமவன். எல்லோரையும் தெரிந்தது. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போனாள். கை உதறியது, மருந்து சிந்திச் சேலையில் பட்டது. ஏழு. எட்டு. ஒன்பதாவது ஆள் கம்பத்தின் அருகே.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள். முப்பத்தைந்து படத்தையும் கொடியில் தொங்கவிட்டு ஒவ்வொரு முகமாக எண்ணினாள். விளக்கின் பின்னால், சனத்துக்கு நடுவில், பாயின் ஓரத்தில், எங்கே தேடினாலும் ஒன்பது பேர்தான். பத்தாவது முகம் இல்லை.

அவர் அங்கே இல்லை.

பீற்றிஸ் நிலத்தில் குந்திவிட்டாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அழுகை, பிறகு இரண்டும் ஒன்றாக. மாதாவே, நான் சொன்னேன்தானே! செத்தவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள், அவர் வரவில்லை. வரமாட்டார். எப்படி வருவார்? உயிரோடு இருக்கிற மனிசன்! தெற்கில் ஏதோ ஒரு முகாமில், நரைத்துப்போய், மெலிந்துபோய், ஆனால் மூச்சோடு. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. நாளைக்கே சுவாமியிடம் போய் நன்றிப் பூசை கேட்கவேண்டும். அந்தக் கண்ணாடி யாருடையதோ, எவன் கையிலிருந்து எவன் கைக்குப் போனதோ, அதெல்லாம் கிடக்கட்டும்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஒரு படம் மிச்சம் இருந்தது. ராசாவின் கிரீடம். அதையும் முடித்துவிட்டுச் சோறு போடலாம் என்று எழும்பினாள்.

தாள் மருந்துக்குள் இறங்கியது. கிரீடம் முழுத் தாளையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. நடுவிலே முட்டை அளவு கண்ணாடித் துண்டு, அதற்குள் ஏதோ உருவம். அது அவள்தான். கமெராவைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் வேறு யார்? ஆனால் கலங்கியிருந்தாள். கலங்கத்தான் வேண்டும். கமெராக் கண்ணாடி கிரீடத்தைப் பார்க்கும்போது, கிரீடத்துக்குள் தெரிகிற ஆள் தெளிவாக விழமுடியாது. பேர்னாட் சொல்லிக் கொடுத்த பாடம்.

அந்தக் கலங்கலில் இரண்டு இடம் மட்டும் தெளிவாக இருந்தது.

படம் பெருப்பிக்கிற என்லாஜரின் தலையை உச்சிவரை ஏற்றினாள். அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் பிரித்தெடுத்தாள். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பெருப்பிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. புதுத் தாளைத் தட்டில் வைத்து, ஆட்டத் தொடங்கினாள். சிவப்பு வெளிச்சத்தில் மருந்து அலைந்தது.

முதலில் விரல்கள் வந்தன.

எட்டு விரல். அவளுடைய இரண்டு முழங்கைகளின் கீழே. ஏந்திப் பிடித்திருந்தன. நகங்களுக்குள் கறுத்த சேறு. ஒவ்வொரு நகத்தையும் எண்ணலாம்.

பிறகு மணிக்கட்டு. பிறகு தோள்.

“வேணாம்” என்றாள் பீற்றிஸ். தாளை மருந்திலிருந்து எடுத்துவிட நினைத்தாள். எடுக்கவில்லை.

அவள் புகையாக நின்றாள். அவளுடைய புகைத் தலைக்குப் பின்னால், தோளுக்கு மேலே, முகம் ஏறி வந்தது. ஆடாமல். துல்லியமாக. நனைந்த தலைமயிர். திறந்திருந்த கண். மற்ற ஒன்பது பேரும் கமெராவைப் பார்த்தார்கள்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றின் பிரி. ஆடாத கம்பம். முதல் விழாவிலிருந்தே அந்தக் கைகள்.

இருட்டறைக்குள் ஹைப்போ மணக்கவில்லை. வாவிச் சேறு மணந்தது. கதவு கொழுவியிருந்தது. அவள் கொழுவியதுதான்.

தட்டைப் பார்த்தாள். மருந்து அசையவில்லை. ஒரு சுருக்கமும் இல்லை. தட்டை ஏந்தியிருந்த அவளுடைய கைகள் நடுங்கவில்லை. ஐந்து வருடமாக ஓயாத நடுக்கம் ஓய்ந்திருந்தது. இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருந்தன, ஈரமாக, குளிர்ந்து, உள்ளே அழுத்தி.

அவற்றை அவள் ஒட்டவில்லை.